மருத்துவ பீடத்துக்கு முன்னுள்ள கடவை

மருத்துவம் பயில விரும்பும் மாணவருக்குக் கணிதம் எவ்வளவு வேண்டும் என்னும் வினா உலகின் பல பாகங்களிலும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போர் நுண்கணிதம் கற்றிருத்தல் வேண்டுமா, புள்ளிவிபரவியல் போதுமா என்பது பற்றித் தலைமுறை தலைமுறையாக வாதிட்டு வந்துள்ளனர். 2009ஆம் ஆண்டு அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் சங்கமும் ஹோவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவகமும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, பாடநெறிகளின் பெயர்களைப் பட்டியலிடுவதைக் காட்டிலும் மாணவர் அடைந்திருக்க வேண்டிய ஆற்றல்களை வரையறுப்பதே முறை என வற்புறுத்தியது. இந்தியாவின் நீட் தேர்வு பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இலங்கையிலும் மருத்துவ பீடம் புகுவோர் க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றிலுமே சித்தியெய்த வேண்டியவராவர். கணிதம் அங்கு ஒரு பாடமன்று.

ஆகவே இலங்கையைப் பொறுத்தமட்டில் இவ்வினா எழவில்லை எனக் கருதுவோர் உளர். கொழும்பிலோ கண்டியிலோ இருந்து நோக்குவோர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. மஸ்கெலியாவிலிருந்து நோக்கினால் காட்சி முற்றிலும் வேறாகும். மருத்துவ பீடத்தின் வாசலிற் கேட்கப்படாத கணிதம், அவ்வாசலுக்குச் செல்லும் பாதையிலே, பதினாறு வயதிலே கேட்கப்படுகின்றது. சாதாரண தரத்திற் கணிதத்திற் சித்தியெய்தாத மாணவன் உயர்தர விஞ்ஞானப் பிரிவினுட் புகவியலாது. கலைப் பிரிவிற் கற்றவாறே கணிதத்துக்கு மீண்டும் தோற்றுவதற்கு இடமளிக்கும் தளர்வுகள் காலத்துக்குக் காலம் இருந்து வந்துள்ளன. உயிரியல் கற்க விழைவோனுக்கு அத்தகைய ஆறுதல் கிடையாது. தோட்டத்துப் பிள்ளையின் மருத்துவக் கனவு மருத்துவ பீடத்தால் நிராகரிக்கப்படுவதில்லை. அஃது அப்பீடத்தின் கண்ணிற் படுவதற்கே முன்னர், பதினோராம் ஆண்டுப் பரீட்சை மண்டபத்திலே முடிந்துவிடுகிறது. நிராகரிப்புக் கடிதம்கூட எவருக்கும் வருவதில்லை.

இந்நிலைக்கு இரு சாரார் இருவேறு மருந்து கூறுவர். இரண்டும் தீங்கானவை.

மலையக மக்களின்பால் அனுதாபங்கொண்ட முதலாம் சாரார், தோட்டப்புற மாணவருக்குக் கணிதத் தேவைப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்பர். மருத்துவனுக்கு முக்கோண கணிதமும் தாயங்களும் எதற்கு, நாடி பிடித்துப் பார்ப்பதற்கு மடக்கை வேண்டுமா என்று கேட்பர். கேட்பதற்கு நயமாக இருப்பினும் இக்கேள்வி மருத்துவத்தையும் அறியாதது, கணிதத்தையும் அறியாதது. ஐந்நூறு மில்லிலீற்றர் சேலைன் எட்டு மணித்தியாலத்தில் நோயாளியின் உடலிற் சேர வேண்டும். குழாய் ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளிகள் விடும். நிமிடத்துக்கு எத்தனை துளி? ஏறத்தாழ இருபத்தொன்று. விகிதம் அறியாதவன் இதனைக் கணிக்கவியலாது. பத்துக் கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்குரிய மருந்தின் அளவிலே தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் விளைவது யாதென்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதனினும் நுட்பமான சான்றொன்று உண்டு. 1978ஆம் ஆண்டு ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த வைத்தியசாலைகளில் மருத்துவரும் மருத்துவ மாணவருமாக அறுபது பேரிடம் ஒரு வினா விடுக்கப்பட்டது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு உள்ள நோய் ஒன்று. அதனைக் கண்டறியும் சோதனை நோயற்றோரில் நூற்றுக்கு ஐவருக்கு நோய் இருப்பதாகப் பிழைபடக் காட்டும். சோதனையில் நோய் உண்டெனக் காட்டப்பட்ட ஒருவருக்கு உண்மையிலேயே அந்நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? ஏறத்தாழ அரைவாசிப்பேர் கூறிய விடை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. சரியான விடை நூற்றுக்கு இரண்டளவே. ஆயிரம் பேரைச் சோதித்தால் நோயுள்ளவர் ஒருவர்; பிழையாக அகப்படுவோர் ஏறத்தாழ ஐம்பதின்மர். ஐம்பத்தொருவரில் ஒருவர் என்பதே கணக்கு. அறுபது பேரில் பதினொருவரே இதனைக் கூறினர். இவ்வினாவை விடுவிப்பதற்கு நுண்கணிதமோ உயர்தர இணைந்த கணிதமோ தேவையில்லை. சாதாரண தரத்திற் கற்பிக்கப்படும் சதவீதமும் நிகழ்தகவும் போதும். சோதனை முடிவொன்றைக் கண்டு வீணே அஞ்சும் நோயாளியைக் காப்பது பதினோராம் ஆண்டுக் கணிதமே. மஸ்கெலியாவின் நோயாளிக்கு அக்கணிதம் அறியாத மருத்துவனைத் தருவது அனுதாபமாகுமா?

மேலும், உயிரியற் பிரிவு கணிதமற்ற பிரிவு என்பதே ஒரு மயக்கம். உயிரியற் பிரிவு மாணவரும் பௌதிக விஞ்ஞானப் பிரிவு மாணவரும் எழுதுவது ஒரே பௌதிகவியல் வினாத்தாள். பின்னவர் இணைந்த கணிதத்தையும் உடன் கற்கின்றனர். முன்னவர் சாதாரண தரத்திற் பெற்ற கணித மூலதனத்தை மாத்திரமே கொண்டு விசைகளையும் அலைகளையும் மின்சுற்றுகளையும் எதிர்கொள்ள வேண்டும். இரசாயனவியலிலே மூல் கணக்கும் சமநிலை மாறிலியும் காத்துக் கிடக்கின்றன. கணிதத் தேவைப்பாட்டை நீக்கிப் பிள்ளையை உள்ளே விடுவது, ஒரு கதவைத் திறந்து அடுத்த கதவிலே மோதவிடுவதாகும். இரண்டாண்டு கழித்து அவன் தோற்கும்போது, சலுகை கொடுத்தும் படிக்கவில்லை என்ற பழிச்சொல்லும் சேரும்.

இரண்டாம் சாரார் பல்கலைக்கழக வட்டாரங்களிலே மிகுதி. கோட்டா முறை இருக்கின்றதே, இன்னும் என்ன குறை என்பது இவர்தம் வாதம். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு நாற்பது இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், ஐந்து கல்வியிற் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. நுவரெலியா அப்பதினாறில் ஒன்று. அம்மாவட்டத்தில் மலையகத் தமிழர் பாதிக்கும் மேற்பட்டோர் என்பதையும் சேர்த்துக் கூறி, கணக்கு நேராயிற்று எனத் திருப்தியடைவர்.

இக்கணக்கின் பிழை அதன் தொடக்கத்திலே உள்ளது. மாவட்டக் கோட்டா உயர்தர விஞ்ஞானப் பரீட்சைக்குத் தோற்றியோரிடையே இடங்களைப் பங்கிடுகிறது. தோற்றுவதற்கே தகுதி பெறாதோரை அஃது அறியாது. இசட் புள்ளி எவ்வளவு நுட்பமான புள்ளிவிபரக் கருவியாயினும், பரீட்சை மண்டபத்துக்கு வராத பிள்ளைக்கு இசட் புள்ளி கிடையாது. மாவட்டத்தின் சனத்தொகையிலே தோட்டத்து மக்கள் எண்ணப்படுகின்றனர். அவ்வெண்ணிக்கையால் மாவட்டத்துக்கு இடங்கள் கிடைக்கின்றன. அவ்விடங்களுக்குப் போட்டியிடும் வரிசையிலே அவர்தம் பிள்ளைகள் அருகிக் காணப்படுகின்றனர். வெளிமாவட்ட மாணவர் நுவரெலியாவுக்கு வந்து பரீட்சை எழுதி இடங்களைக் கவர்ந்து செல்கின்றனர் என்ற கூக்குரல் அவ்வப்போது மலையகத்தில் எழுகின்றது. நியாயமான கூக்குரல்தான். எனினும் களவு போவது எவ்வாறு என்பதை மட்டும் ஆராய்ந்து, வீட்டில் ஏன் ஆளில்லை என்பதை ஆராயாமல் விடுவது அரைகுறை விசாரணையாகும்.

ஈண்டு ஒரு பழைய காயத்தையும் தொட்டுச் செல்லல் தகும். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் தகைமை எல்லையாக வைக்கப்பட்டன. அன்று பாடங்கள் நான்கு, மொத்தப் புள்ளி 400. அந்த இருபத்தொரு புள்ளி வேறுபாடு தமிழ் இளைஞரின் அரசியலையே மாற்றியமைத்தது. அதனைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்கு அளவில்லை. அவ்வநீதி அநீதியே. ஆனால் அதே ஆண்டில் மஸ்கெலியாவின் தோட்டப் பாடசாலைகளிலே அவ்விருபத்தொரு புள்ளியை இழப்பதற்குத்தானும் ஒரு விஞ்ஞான மாணவன் இருந்தானா என்று கேட்டோர் எத்தனை பேர்? தமிழ்மொழி மூலம் என்னும் ஒரே சொல்லினுள் யாழ்ப்பாணத்துக் கல்லூரியும் தோட்டத்துத் தகரக் கூரைப் பாடசாலையும் ஒன்றாக அடக்கப்பட்டன. தரப்படுத்தலால் இழந்தோரின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. தரப்படுத்தப்படுவதற்கும் வாய்ப்பற்றிருந்தோரின் வரலாறு எழுதப்படவில்லை.

அவ்வாய்ப்பின்மை இயற்கையன்று, அது செய்யப்பட்டது. 1940களிலே கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி நாட்டின் கிராமங்களுக்கெல்லாம் மத்திய கல்லூரிகளைக் கொண்டுசென்றபோது, தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. துரைமாருக்கு வேண்டியது கொழுந்து பறிக்கும் கைகள். வாய்ப்பாடு கற்ற தலைகளல்ல. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையின் வழியே குடும்பங்கள் கப்பலேறியபோது, அவற்றோடு கற்றோர் பலரும் போயினர். 1970களிலே தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டன. அதன் பின்னரே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. நாட்டின் ஏனைய பிள்ளைகள் முப்பதாண்டு முன்னரே தொடங்கிய ஓட்டத்தை மஸ்கெலியாவின் பிள்ளை அப்போதுதான் தொடங்கினான்.

பாடசாலைகளின் தரவகுப்பை நோக்கினால் இன்றைய நிலை விளங்கும். உயர்தர விஞ்ஞானம் உள்ள பாடசாலை 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி. பதினோராம் வகுப்புடன் நிற்பது இரண்டாம் வகை. தொடக்க வகுப்புகளைக் கொண்டது மூன்றாம் வகை. தோட்டங்களில் உள்ளவை பெரும்பாலும் பின்னிரண்டு வகைகளே. தோட்டத்து மூன்றாம் வகைப் பாடசாலையிலிருந்து இரண்டாம் வகைப் பாடசாலைக்கும், அதிலே தேறினால் மஸ்கெலியா நகருக்கோ, நோர்வூட்டைக் கடந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஹட்டனுக்கோ பிள்ளை செல்ல வேண்டும். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற சில, விஞ்ஞானக் கல்வியிலே பெயர் பெற்றுள்ளன. அவற்றின் பெறுபேறுகளை எடுத்துக்காட்டி மலையகம் முன்னேறிவிட்டது என மேடைகளிற் பேசப்படுகிறது. அக்கல்லூரிகளின் சாதனை மெய்யே. ஆயினும் அங்குச் சென்று சேர்ந்த பிள்ளை சல்லடையின் மேலே தங்கிய பிள்ளை. கீழே விழுந்தோரைப் பற்றியது இவ்வழக்கு.

ஏன் கணிதத்திலே இவ்வளவு பேர் விழுகின்றனர்? தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று கூறும் ஆசிரியரும் உளர். இதனினும் இழிந்த சமாதானம் பிறிதில்லை. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோது, எத்தனை கிலோ கொழுந்துக்கு முழுப்பேர், எவ்வளவு குறைந்தால் அரைப்பேர், நிறுவையில் ஈரத்துக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிபடும், சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் போனால் கையில் வருவது எவ்வளவு என்பவற்றை லயத்து வாசலில் நின்றே மனத்தாற் கணித்த தாய்மார் அத்தோட்டங்களில் உள்ளனர். அத்தாய்மாரின் பிள்ளைக்குச் சதவீதம் விளங்காதென்பது பொய்.

காரணம் பாடத்தின் இயல்பிலே உள்ளது. வரலாற்றிலே ஓர் ஆண்டு ஆசிரியர் இல்லாவிடினும் மறு ஆண்டு நூலைப் படித்து ஒருவாறு ஈடுசெய்யலாம். கணிதமோ படிமேற் படியாக அமைந்தது. ஆறாம் வகுப்பிலே பின்னம் பிடிபடாதவனுக்கு எட்டாம் வகுப்பிலே அட்சரகணிதப் பின்னம் இல்லை. அஃது இல்லாதவனுக்குப் பத்தாம் வகுப்பிலே சமன்பாடு இல்லை. ஆறாம் வகுப்பில் ஒரு வருடம் கணித ஆசிரியர் வெற்றிடமாயின், அவ்வெற்றிடத்தின் விளைவு ஐந்தாண்டு கழித்தே பரீட்சைப் பெறுபேற்றிலே தோன்றும். அதற்குள் அதிபர் மாறியிருப்பார், அதிகாரி மாறியிருப்பார், அமைச்சரும் மாறியிருப்பார். பிள்ளை மட்டுமே குற்றவாளியாக எஞ்சுவான். கணித ஆசிரியர் இல்லாவிடத்து வேறு பாட ஆசிரியரைக் கொண்டு வகுப்பை நிரப்பும் வழக்கம் இக்குற்றத்தை மறைப்பதற்கு உதவுகின்றது. நேரசூசியிலே கணிதம் இருக்கிறது, கரும்பலகையில் இல்லை.

இங்கே ஒரு நச்சுவட்டம் இயங்குகின்றது. கணித ஆசிரியர் இன்மையால் கணிதத்திலே தேறுவோர் சிலர். தேறிய சிலரும் மருத்துவத்தையோ பொறியியலையோ வங்கியையோ நாடிச் செல்வர். செல்வதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆகவே மறு தலைமுறைக்கும் கணித ஆசிரியர் இல்லை. வெளியிலிருந்து நியமனம் பெற்று வருவோர், மூடுபனியும் தனிமையும் கண்டு, இடமாற்ற விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே எழுதிவிடுகின்றனர். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் எனப் பாடசாலைகளுக்குப் பெயர் சூட்டியதனால் மட்டும் ஆசிரியர் அங்குத் தங்கிவிடுவதில்லை. பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைக்கப்பட்டது இவ்வட்டத்தை உடைப்பதற்கே. 2010களின் நடுப்பகுதியிலே மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளராக நியமிக்கப்பட்டதும் அந்நோக்கத்தினாலேயே எனலாம். உயர்தரம் சித்தியெய்திய அவ்விளைஞருக்கு முதலில் ஆறாயிரம் ரூபாயும் பின்னர் பத்தாயிரம் ரூபாயும் மாதக் கொடுப்பனவாகக் கிடைத்தன. ஒரு தேசம் ஒரு பாடத்தை எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிய வேறு அளவுகோல் தேவையில்லை. அவர்களுட் பலர் மனமுவந்து உழைத்தனர். ஆயினும் கலைப் பிரிவிலே கற்றுவந்த இளைஞரிடம் பதினோராம் வகுப்புக் கேத்திர கணிதத்தை ஒப்படைத்தது அவர்க்கும் அநீதி, மாணவர்க்கும் அநீதி. இந்தியாவிலிருந்து கணித, விஞ்ஞான ஆசிரியரை வரவழைக்கும் யோசனை அத்தசாப்தத்திலே எழுந்தபோது, உள்ளூரிலே வேலையற்ற பட்டதாரிகள் இருக்கின்றனரே என்ற எதிர்ப்பு உடனே கிளம்பியது. உள்ளனர்தாம். அவருள் மஸ்கெலியாவின் இரண்டாம் வகைப் பாடசாலையிலே கணிதம் கற்பிக்கச் சித்தமாயிருந்தோரின் பட்டியலை எதிர்த்தோர் எவரும் முன்வைக்கவில்லை.

மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரினுள் அமிழ்ந்தது. கோடையில் நீர் வற்றுங்காலத்தில் பழைய கோயிலின் சுவர்கள் வெளித்தெரிவதைக் காணப் பலர் செல்வர். அணையின் உயரம், நீரின் அழுத்தம், சுரங்கத்தின் சரிவு, சுழலியின் வேகம் ஆகிய அனைத்தையும் பிழையின்றிக் கணித்து, ஒரு நகரத்தையே இடம்பெயர்த்து, மின்சாரத்தை நாட்டுக்கு அனுப்ப அரசால் முடிந்தது. அவ்வணைக்கரையிலுள்ள பாடசாலைக்கு ஒரு கணித ஆசிரியரை அனுப்ப முடியவில்லை என்று கூறுவதை எவ்வாறு நம்புவது? முடியாமையன்று, முன்னுரிமையின்மை.

எனவே கோரப்பட வேண்டியது தளர்வன்று. கணிதத் தேவைப்பாடு இருக்கட்டும். அதனை விதித்தவன் அதற்குரிய கடனைச் செலுத்தட்டும். ஹட்டன் கல்வி வலயத்தின் ஒவ்வோர் இரண்டாம் வகைப் பாடசாலையிலும் ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை பயிற்றப்பட்ட கணித ஆசிரியர் எத்தனை பேர், எத்தனை மாதம் வெற்றிடம் இருந்தது என்பதை, கணிதப் பெறுபேற்றின் பக்கத்திலேயே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெற்றிடமும் தோல்வியும் ஒரே தாளில் அச்சிடப்படுமாயின் தோட்டத்துப் பிள்ளையின் மூளையைக் குறைகூறுவோர் சற்று அடங்குவர். கணிதம் கற்பிக்க அங்குச் செல்வோருக்கு வீடும், பாடத்துக்கென்றே தனியான கொடுப்பனவும், ஐந்தாண்டுச் சேவை நிபந்தனையும் வேண்டும். மலையக அரசியல் தலைவர்கள் நியமனப் பட்டியலிலே தம் ஆதரவாளரின் பெயரைச் சேர்க்கச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் பாடவாரியான வெற்றிடப் பட்டியலைப் பார்ப்பதிற் செலவிடட்டும். கட்டடம் திறப்பது எளிது. நாடாவும் கத்தரிக்கோலும் போதும்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும் இதிலே விலக்கல்லர். உயர்தரப் பரீட்சை நெருங்குங்காலத்திலே கருத்தரங்குகள் நடத்துவதும் முன்னோடி வினாத்தாள்கள் அச்சிடுவதும் மாணவர் அமைப்புகளின் பெருமைக்குரிய பணிகளாகக் கருதப்படுகின்றன. அவை பயனற்றவையல்ல. ஆனால் அவை அனைத்தும் கடவையைத் தாண்டியவர்க்கே உரியவை. நகரத்து மண்டபங்களிலே, முன்வரிசையிலே, ஏற்கெனவே டியூஷன் வகுப்புக்குச் செல்லும் வசதியுள்ளவரே பெரிதும் அமர்ந்திருப்பர். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னமும் விகிதமும் கற்பிக்க ஒரு விடுமுறையை மஸ்கெலியாவின் தோட்டமொன்றிற் கழித்த மாணவர் குழு எத்தனை? அத்தகைய பணிக்குப் புகைப்படமில்லை, பெறுபேறு காண ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும், வந்து வாழ்த்துரை வழங்கப் பேராசிரியரும் கிடையார். மருத்துவ பீடத்திலே தம்முடன் பயிலும் மலையக மாணவர் ஏன் இத்துணைச் சிலர் என வியக்கும் மாணவர், தம் சங்கத்தின் சென்ற ஆண்டுக் கணக்கறிக்கையை எடுத்து, பதின்மூன்றாம் வகுப்புக்குச் செலவிடப்பட்ட தொகையின் எதிரே ஆறாம் வகுப்புக்குச் செலவிடப்பட்ட தொகையை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.